வெந்நீர்க் கலத்தை இறக்கிய பின்

ஃபிக்ஹு நூல்கள் பெரும்பாலும் நீரிலிருந்தே தொடங்குகின்றன. எந்த நீர் தூய்மையாக்கும், எந்த நீர் தூய்மையாக்காது, எந்த நீரைப் பயன்படுத்துவது விரும்பத்தகாதது என்பதை முதல் பாடத்திலேயே மாணவன் ஓதிவிடுகிறான். நாமும் அப்படித்தான் ஓதினோம். பின்னர் முப்பதாண்டுக் காலமாக அதையே ஓதிக் கொடுத்தும் வருகிறோம். ஆயினும், நம் சொந்த வீட்டுக் குழாயில் வரும் நீரைப் பற்றி நாம் ஒன்றும் அறிந்திருக்கவில்லை என்பதை 2019ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு பிளாஸ்டிக் வாளி நமக்கு உணர்த்திற்று.

நம் குடியிருப்பு மயிலாப்பூரில், கச்சேரி சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், மூன்றடுக்குக் கட்டடத்தின் முதல் மாடியில் உள்ளது. சமையற்கட்டின் பரணை ஒட்டி 25 லிட்டர் கொள்ளும் கீசர் ஒன்று பதினெட்டு ஆண்டுகளாகத் தொங்கிக் கொண்டிருந்தது. அதிலிருந்து புறப்பட்ட வெந்நீர்க் குழாய் சமையற்கட்டுக்கும் குளியலறைக்கும், பின்கட்டில் ஒளுச் செய்வதற்கென்று நாம் அமைத்திருந்த சிறு திண்ணைக்குமாக மூன்று இடங்களுக்குப் போயிற்று. மூன்று இடத்திலும் சிவப்புப் பொட்டு வைத்த குழாய் வெந்நீருக்கு, நீலப் பொட்டு வைத்தது தண்ணீருக்கு.

'சென்னைக்கு எதற்கு வெந்நீர்?' என்று கேட்பவர்கள் உண்டு. கேட்பவர்களுக்கு முப்பது நாற்பது வயது இருக்கும். இந்நகரில் மார்கழி விடியற்காலை 20 பாகையை ஒட்டியே நிற்கிறது. உதகையோடும் கொடைக்கானலோடும் ஒப்பிட்டால் அது குளிரே அன்று. ஆனால், எண்பத்தொரு வயதில், நான்கு மணிக்குத் தஹஜ்ஜுத்துக்கு எழுந்து, இரவெல்லாம் மொட்டைமாடியில் ஆறிக்கிடந்த தொட்டி நீரை முழங்கை வரை ஊற்றிக் கொள்பவர்களுக்கு அது குளிர்தான். நம் உம்மா அத்தகையவர்கள். வாப்பாவின் மறைவுக்குப் பிறகு காயல்பட்டினத்திலிருந்து வந்து நம்மோடு தங்கியிருக்கிறார்கள். ஊரில் அவர்களுக்குக் கிணற்று நீர் பழக்கம். நிலத்தடி நீர் காற்றைப் போல இரவில் குளிர்ந்து விடுவதில்லை. ஆகையால் விடியலில் இறைத்த முதல் வாளி கைக்கு வெதுவெதுப்பாகவே இருக்கும். மாடித் தொட்டியின் குணம் வேறு. பகலில் வெயிலை வாங்கிக் கொள்ளும், இரவில் வானுக்கே திருப்பிக் கொடுத்துவிடும்.

2018ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்ததும், அடுத்த கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு போனதும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலேற்றி நீர் கொண்டு வரப்பட்டது. நம் தெருவில் லாரி வரும் ஓசைக்குக் குடங்கள் தாமே ஓடுவது போல ஓடின. நம் கட்டடத்தின் நிலத்தடித் தொட்டியில் ஒரு சாண் நீர் இருந்தால் அன்று பெருநாள்.

அந்த ஜூன் மாதத்து விடியற்காலை ஒன்றில், மாடித் தொட்டி வற்றிக் கிடந்தது. யாரோ ஒருவர், அவர் நாமாகவும் இருக்கலாம், எந்தக் குழாயிலாவது நீர் வருமா என்று சிவப்புக் குழாய்களையும் திறந்து பார்த்திருக்கிறார். கீசருக்குள் நுழையும் குழாயில், உள்ளே போன நீர் திரும்பி வராதபடி தடுக்கும் ஒருவழி அடைப்பு ஒன்று உண்டு. நம் கிணற்றின் கடின நீர் பல்லாண்டுகளாக அதன்மீது சுண்ணாம்பாகப் படிந்து, அது முழுதாக மூடாமற் போயிருந்தது. திறந்த குழாய் வழியே காற்று புக, கலத்திலிருந்த நீர் முழுவதும் வந்த வழியே கீழே இறங்கிவிட்டது. கலம் வெறுமையாய் இருப்பதை அறியாமல் நாம் பாத்திரம் கழுவ வெந்நீர் வேண்டுமென்று பொத்தானை அழுத்தினோம். உள்ளிருந்த சூடேற்றும் கம்பி வெறுங்கலத்தில் காய்ந்து எரிந்து போயிற்று. கோடை நடுவில், நீரில்லாத வீட்டில், வெந்நீருக்கு ஆசைப்பட்டதற்கு அது சரியான தண்டனைதான்.

வந்த பிளம்பர் இளைஞர், வேலை தெரிந்தவர். கலத்தைத் தட்டிப் பார்த்து, "பாய், அடிப்பக்கம் துரு தின்னுடுச்சு. புதுக் கம்பி போட்டாலும் ஒழுகும். இறக்கிடலாம்" என்றார். இறக்கினார். உள்ளே படிந்திருந்த சுண்ணாம்புக் கட்டி மட்டும் ஒரு சிறு சட்டி நிறைய இருந்தது. புதியது வாங்குவதா என்று வீட்டில் பேச்சு எழுந்தது. "குளிக்கவே தண்ணீர் இல்லை, வெந்நீர் எதற்கு? மழை வரட்டும்" என்று நாம்தான் தீர்ப்புச் சொன்னோம். அப்படியானால் சுவரில் நீட்டிக் கொண்டிருக்கும் இரு குழாய் முனைகளை என்ன செய்வது என்று அவர் கேட்டார். அடைத்து விடலாம் அல்லது இரண்டையும் ஒரு துண்டுக் குழாயால் இணைத்து விடலாம். இணைத்தால் சிவப்புக் குழாயிலும் தண்ணீர் வரும். மூன்று குழாய்கள் வீணாக நிற்க வேண்டியதில்லை. சிக்கனமான யோசனை. "இணைத்து விடுங்கள்" என்றோம்.

அந்த ஒரு சாண் துண்டுக் குழாயை நாம் இப்போதும் எடுத்து வைத்திருக்கிறோம்.

மழை வந்தது. நீர்ப் பஞ்சம் நீங்கிற்று. புதிய கீசரைப் பற்றி யாருக்கும் நினைவு வரவில்லை. நாமும் நம் மகன்களும் தண்ணீரில் குளித்துப் பழகிவிட்டோம். சொல்லப் போனால் அதில் சிறிது பெருமையும் கொண்டோம். சமையற்கட்டில் வேண்டிய வெந்நீரை வீட்டார் அடுப்பில் காய்ச்சிக் கொண்டார்கள். மார்கழி பிறந்தது. அப்போதுதான் அந்த வாளி தோன்றியது.

நாள்தோறும் ஸுப்ஹுக்கு நாம் எழுந்து பின்கட்டுக்குப் போகும்போது, ஒளுச் செய்யும் திண்ணையின் அருகே ஒரு வாளி நிறையத் தண்ணீர் நின்றது. உம்மாதான் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பது தெரிந்தது. பஞ்சம் தந்த பழக்கம், நீரைச் சேமித்து வைக்கிறார்கள் என்று எண்ணி மகிழ்ந்தோம். வீட்டார் அதை எடுத்துப் பின்கட்டுச் செடிகளுக்கு ஊற்றினார்கள். அவ்வாண்டு மருதாணிச் செடி நன்றாகவே தழைத்தது. ஒருநாள் வகுப்பில் சிக்கனத்தைப் பற்றிப் பேசும்போது, பெயர் சொல்லாமல் உம்மாவின் வாளியை உதாரணமாகக்கூடக் காட்டினோம். அதை நினைக்கும்போது இன்றும் முகம் சுடுகிறது.

உண்மை வேறாக இருந்தது. ஜனவரியின் முதல் வாரத்தில் உம்மாவுக்கு விரல் மூட்டுகள் வீங்கின, இருமலும் வந்தது. ஓர் இரவு உறக்கம் கலைந்து நான்கு மணிக்கு நாம் பின்கட்டுப் பக்கம் போனபோது, உம்மா முக்காட்டை இழுத்துப் போர்த்துக்கொண்டு, சிவப்புக் குழாயைத் திறந்துவிட்டு, அதன் கீழே வாளியை வைத்து, ஓடும் நீரில் இரண்டு விரல்களை நீட்டியபடி நின்று கொண்டிருந்தார்கள். நீர் சூடாவதற்காகக் காத்திருந்தார்கள்.

பழைய கீசர் இருந்த நாளிலும் அப்படித்தான் காத்திருக்க வேண்டும். சமையற்கட்டிலிருந்து பின்கட்டு வரை முப்பதடிக் குழாய். அரையங்குலக் குழாயில் அவ்வளவு நீளத்துக்கு ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் நீர் நிற்கும். முதலில் அந்த ஆறிய நீர் வெளியேறி, பின்னரே வெந்நீர் வரும். பதினெட்டு ஆண்டுப் பழக்கத்தில் உம்மா ஒரு செம்பு அளவு விட்டுவிட்டுக் கையை நீட்டுவார்கள். இப்போதோ ஒரு செம்பு போய், ஒரு வாளியும் நிறைந்துவிடுகிறது, சூடு வரவில்லை. பிறகு வக்து போய்விடுமே என்று அதே குளிர்நீரில் ஒளுச் செய்து கொள்கிறார்கள். இப்படி மூன்று வாரங்கள்.

"கீசரை எடுத்தாச்சு என்று உங்களுக்குத் தெரியுமே உம்மா" என்றோம்.

"தெரியும் வாப்பா. ஆனா தண்ணி வந்துச்சே! வேற என்னமோ மாட்டியிருக்கீங்கன்னு நினைச்சேன். தண்ணி வந்தா சூடும் வரும்னுதான் நின்னேன்."

"எங்களிடம் சொல்லியிருக்கலாமே?"

"நீங்க உறங்குற நேரம். ஒரு வெந்நிக்காக எழுப்பவா?"

அடைத்த குழாய் உண்மையைச் சொல்லியிருக்கும். இணைத்த குழாய் பொய் சொல்லிற்று. அதற்கு வாய் கொடுத்தவர்கள் நாம்.

மருத்துவரிடம் அழைத்துப் போனோம். இருமல் கிருமியால் வந்தது, ஒளுவின் நீரால் அன்று என்று அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஆனால், முதியவர்களுக்குத் திடீரென்று குளிர்நீர் பட்டால் இரத்தக் குழாய்கள் சுருங்கி இரத்த அழுத்தம் ஏறும், மூட்டு வலியும் மிகும். ஏற்கெனவே அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும் என்றார். 'தயம்மும் செய்து கொண்டிருக்கலாமே' என்று சுற்றத்தார் சிலர் கேட்டனர். ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு தாதுஸ் ஸலாஸில் படையெடுப்பின்போது, கடுங்குளிர் இரவில் உயிருக்கஞ்சி, குளிப்புக் கடமையாகியும் தயம்மும் செய்து தொழவைத்த அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களின் நிகழ்ச்சியை நாம் மாணவர்களுக்கு ஓதிக் கொடுத்தவர்களே. ஆனால், நீரைச் சூடாக்க வழியுள்ள வீட்டில் அந்தச் சலுகை இல்லை என்பதை உம்மா நம்மைக் காட்டிலும் நன்றாக அறிந்திருந்தார்கள். அடுப்பும் எரிவாயுவும் ஆறடி தூரத்தில் இருக்க, மண்ணை எப்படித் தொடுவது? அடுப்பைப் பற்ற வைக்கும் உருளை அவர்கள் விரல்களுக்குத் திரும்புவதில்லை என்பது வேறு செய்தி. அதையும் அன்றுதான் அறிந்தோம்.

அன்றிரவே வீட்டார் ஒரு வழி கண்டார்கள். உறங்கப் போகுமுன் இரண்டு லிட்டர் கொள்ளும் ஃபிளாஸ்க் நிறைய வெந்நீர் ஊற்றித் திண்ணையருகே வைத்தார்கள். உம்மா ஒரு செம்பில் பாதி தண்ணீரும் பாதி வெந்நீருமாகக் கலந்து கொண்டார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் ஒளுச் செய்தார்கள் என்பது ஹதீஸ். ஷாஃபிஈ அளவில் அது முக்கால் லிட்டருக்கும் குறைவு. அவ்வளவு நீரைப் பதினைந்து பாகை சூடாக்க வேண்டிய மின்சாரம் ஒரு யூனிட்டில் எண்பதில் ஒரு பங்குதான். அதற்காகப் பதினெட்டு ஆண்டுகளாக நாம் 25 லிட்டரை 60 பாகைக்கு ஏற்றி வந்தோம். ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ ஒரு யூனிட், 2000 வாட் கம்பிக்கு அரைமணி நேர வேலை.

ஆனால், ஃபிளாஸ்க் நம்மை வேறொரு நினைவுக்கு இட்டுச் சென்றது. காயல்பட்டினத்தில் நம் இளமைக் காலத்தில் பின்கட்டு அடுப்பின்மேல் ஒரு தாமிரத் தவலை இருக்கும். அதன் அடியில் கதம்பையும் சிரட்டையும் எரியும். நம் கண்ணம்மா, அதாவது வாப்பாவின் தாயார், எல்லாருக்கும் முன்பாக எழுந்து தீ மூட்டுவார்கள். நாங்கள் எழும்போது வெந்நீர் இருக்கும். அது எப்படி வந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. பின்னர் அந்த வேலை உம்மாவுக்கு வந்தது. வெந்நீர் என்பது அந்நாளில் ஒருவர் தம் உறக்கத்திலிருந்து எடுத்து மற்றவருக்குக் கொடுத்த அரைமணி நேரம். கீசர் வந்தபோது, அந்த ஒருவரின் இடத்தைத்தான் அது எடுத்துக் கொண்டது. அதை இறக்கியபோது ஓர் இரும்புக் கலத்தை இறக்கியதாக நினைத்தோம். முன்பாக எழுபவர் ஒருவர் இல்லாத வீடாகிவிட்டதை நினைக்கவில்லை. வாழ்நாளெல்லாம் மற்றவருக்காக எழுந்தவர்களுக்கு, தமக்காக யாரையும் எழுப்ப மனம் வரவில்லை.

அரபு மொழியில் 'ஹமீம்' என்றால் கொதிநீர். அதே சொல்லுக்கு நெருங்கிய உறவினர், உற்ற நண்பர் என்றும் பொருள். திருமறையில் இரு பொருளிலும் வருகிறது. காய்ச்சலுக்கு 'ஹும்மா' என்பதும், குளியற்கூடத்துக்கு 'ஹம்மாம்' என்பதும் அதே வேரில் முளைத்தவை. நம் தமிழோ எல்லா நீரையும் தண்மையுடையதென்றே கொண்டு 'தண்ணீர்' என்று பெயரிட்டு, சூடானதை மட்டும் 'வெந்நீர்' என்று தனியே பிரித்து வைத்தது. இரு மொழிகளும் பிறந்த நிலங்களின் வெயிலை எண்ணிப் பார்த்தால் இதில் வியப்பில்லை. உற்றவரையும் வெம்மையையும் ஒரே சொல்லால் அழைத்த அரபியரின் காதை நாம் மெச்சத்தான் வேண்டும்.

நிலையான ஏற்பாடு என்ன? பழைய இடத்தில் பழைய அளவிலேயே கலம் ஒன்றை மாட்டினால், முப்பதடிக் குழாயும் வாளியும் மறுபடி வரும். அடையாற்றில் நம்மோடு பணியாற்றி ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் தம் வீட்டு மாடியில் சூரிய வெந்நீர்க் கருவி வைத்திருக்கிறார். திரு.வி.க. பாலத்தைக் கடந்து ஒரு மாலை அங்கே சென்றோம். சாய்த்து வைத்த கண்ணாடிப் பெட்டிக்குள் கறுப்புத் தகடு. அதோடு ஒட்டிய தாமிரக் குழாய்கள். சூடான நீர் இலேசாகி மேலே ஏறி, உயரத்தில் உள்ள கலத்தில் சேர, குளிர்ந்த நீர் கனத்துக் கீழே இறங்கிச் சூடேறப் போகிறது. பம்பும் இல்லை, மின்சாரமும் இல்லை. சுற்றிலும் வெப்பங்காப்பு இருப்பதால் மாலையில் சேர்ந்த சூடு விடியல் வரை நிற்கிறது. பார்க்கப் பார்க்க ஆசை மூண்டது. ஆனால், அவருடையது தனி வீடு. நம்முடையது மூன்று குடும்பங்களுக்குப் பொதுவான மாடி. அங்கிருந்து நம் பின்கட்டுக்குக் குழாய் இறக்கினால் அறுபதடி. அறுபதடி ஆறிய நீர் வெளியேறிய பின்தான் உம்மாவுக்கு வெந்நீர். இடம் உள்ளவர்கள் தயங்காமல் வைக்கலாம். நமக்கு ஒத்து வராது என்று திரும்பினோம்.

அதே வாரம் இங்கிலாந்திலிருந்து நம் ராத்தாவின் மகன் பேசினார். உம்மாவின் செய்தியைக் கேட்டுவிட்டு, "மாமா, எங்கள் வீட்டிலும் இதே கதைதான்" என்று சிரித்தார். அங்கே பழைய வீடுகளில், ஒரு கொதிகலன் அறைகளைச் சூடாக்கும். அதுவே ஒரு தாமிரக் கலத்திலுள்ள குளியல் நீரையும் சூடாக்கும். அந்தக் கலம் ஒரு சிறு அலமாரிக்குள் இருக்கும். அதன் கதகதப்பில் துணிகளை உலர்த்துவார்கள். இப்போது பலரும் அக்கலத்தை அகற்றிவிட்டு, ஓடும் நீரை ஓடும்போதே சூடாக்கும் ஒரே கருவியை வைத்துக் கொள்கிறார்கள். மருமகனும் அப்படிச் செய்தார். இடம் மிச்சமாயிற்று, ஆனால் இருவர் ஒரே நேரத்தில் குழாய் திறந்தால் இருவருக்கும் நூலிழைதான். அலமாரி குளிர்ந்து போயிற்று. அங்கே உலர்ந்த துணிகள் இப்போது நாற்காலி முதுகில் தொங்குகின்றன. அவர்களின் குளிர்காலக் குழாய் நீர் ஐந்து பாகை வரை இறங்கிவிடும். அதை நிமிடத்துக்குப் பத்து லிட்டர் வீதம் 40 பாகைக்கு ஏற்ற 24 கிலோவாட் வேண்டும். நம் சென்னையிலோ நீர் 25 பாகையில் நிற்கிறது. நிமிடத்துக்கு மூன்று லிட்டருக்கு 3 கிலோவாட் கருவியே பதினான்கு பாகை ஏற்றி 39க்குக் கொண்டு வந்துவிடும். ஒளுவுக்கு வேறென்ன வேண்டும்? கணக்கைக் கேட்டதும் நமக்கு வழி தெரிந்தது.

அவர் இன்னொன்றும் சொன்னார். கலத்தை அகற்றிய பணியாளர், அதற்குச் சென்ற குழாய்களை முனையில் அடைத்துவிட்டுப் போகாமல், கிளை பிரியும் இடத்திலேயே வெட்டி எடுத்தாராம். காரணம், ஓட்டமில்லாமல் நிற்கும் நீரில் கிருமி வளரும். 1976ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஃபிலடெல்பியா நகரில், முன்னாள் படைவீரர்கள் மாநாட்டுக்கு வந்து ஒரு விடுதியில் கூடியவர்களிடையே புதுவகை நுரையீரல் காய்ச்சல் பரவிப் பலர் இறந்தனர். அதற்குக் காரணமான கிருமிக்கு அந்தப் படைவீரர் சங்கத்தின் பெயரே நிலைத்துவிட்டது. 20 பாகைக்கும் 45 பாகைக்கும் இடைப்பட்ட, தேங்கிய வெதுவெதுப்பு நீர் அதற்கு உகந்தது. அந்நீரின் நுண்திவலைகளை மூச்சில் இழுப்பதால் நோய் வருகிறது; 60 பாகையில் கிருமி மடிகிறது. கலத்தில் தேக்குவதானால் நன்கு சூடாக்கித் தேக்க வேண்டும். குழாய்முனையில் தண்ணீர் கலந்து ஆற்றிக் கொள்ள வேண்டும். கலக்காமல் கையை நீட்டினால், 60 பாகை நீர் ஐந்தாறு விநாடியில் தோலைப் புண்ணாக்கிவிடும். முதியவர்களின் தோல் இன்னும் மெல்லியது.

தியாகராய நகர் உஸ்மான் சாலையின் நெரிசலில் மூன்று லிட்டர் கொள்ளும் சிறிய உடனடிக் கீசர் ஒன்றை வாங்கி வந்தோம். அதே பிளம்பரையே அழைத்தோம். நடந்ததைச் சொன்னபோது அவர் முகம் வாடிற்று. "அம்மா இருக்காங்கன்னு தெரியும் பாய். கேட்கத் தோணலை" என்றார். நமக்கே தோன்றாதது அவருக்கு எப்படித் தோன்றும்? துண்டுக் குழாயைக் கழற்றினார். சிவப்புக் குழாய் மூன்றையும் எடுத்துவிட்டு, பழைய வெந்நீர்க் குழாயைக் கிளையோடு வெட்டி முடித்தார். சிறிய கீசரை ஒளுத் திண்ணைக்கு நேர் மேலே மாட்டினார். குழாய்க்கும் அதற்கும் இரண்டரை அடிதான். குழாய் வாயைத் தாழ்த்தி, உம்மா முக்காலியில் அமர்ந்தபடி கால் கழுவ வசதி செய்தார். உருளைப் பிடிக்குப் பதில், விரலை மடக்காமல் முழங்கையால்கூடத் தள்ளலாம்படியான நீண்ட பிடி போட்டார்.

மின்பணியாளர் வந்து பார்த்துத் தலையில் கை வைத்தார். பின்கட்டுக்கு வந்திருந்த கம்பி விளக்குக்கு மட்டும் போதுமானது. 3000 வாட் என்றால் 13 ஆம்பியர். கனத்த கம்பி தனியே இழுத்து, நிலத்தொடர்பைச் சோதித்து, மின்கசிவு கண்டால் நொடியில் துண்டிக்கும் கருவியையும் பொருத்தினார். அதற்கான செலவு கீசரின் விலையை எட்டிற்று. ஈரக் காலோடு நிற்கும் இடத்தில் இந்தச் செலவில் கைவைக்கக் கூடாது என்பதை மட்டும் வாசகர்களுக்கு அழுத்திச் சொல்வோம்.

குளியலுக்கு என்ன செய்வது என்ற கேள்விக்கு நம் வீட்டார் விடை சொன்னார்கள். விடியற்காலையில் குளிப்பதை விட்டு, லுஹருக்கு முன்பாக உம்மா குளிக்கலாம். அதற்குள் மாடியிலுள்ள கறுப்புத் தொட்டி வெயில் வாங்கி, நீரின் குளிர் நீங்கியிருக்கும். போதாவிட்டால் அடுப்பில் ஒரு பாத்திரம் காய்ச்சிக் கலந்து கொள்ளலாம். உம்மா உடனே நம்மைப் பார்த்தார்கள். "வெயில்ல காய்ஞ்ச தண்ணி மக்ரூஹ்னு சின்ன வயசுல ஓதியிருக்கேனே வாப்பா?"

ஷாஃபிஈ மத்ஹபின் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கே இந்தக் கேள்வி எழும். நாம் கிதாபை எடுத்து அருகில் அமர்ந்தோம். முப்பதாண்டு ஓதிக் கொடுத்த பகுதி. முதன்முறையாக நம் வீட்டு வாளிக்காகத் திறந்தோம். வெயிலில் சூடான நீரை உடலுக்குப் பயன்படுத்துவது விரும்பத்தகாதது என்றுதான் அங்கே உள்ளது. ஆனால் அதற்கு நிபந்தனைகள் உண்டு. வெப்பமான ஊராக இருக்க வேண்டும். பாத்திரம் சுத்தியலால் தட்டி நீட்டக்கூடிய இரும்பு, தாமிரம் போன்ற உலோகத்தால் ஆனதாக இருக்க வேண்டும். சூடு ஆறுமுன் பயன்படுத்த வேண்டும். உடலுக்கு வெண்குட்டம் வரலாம் என்ற அச்சமே காரணமாகச் சொல்லப்பட்டது. தீயில் காய்ச்சிய நீருக்கு இத்தடை இல்லை. அதுபற்றிய நபிமொழி பலவீனமானது என்று கண்ட இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், ஆதாரத்தின்படி அதில் வெறுப்பே இல்லை என்பதைத் தம் தேர்வாகக் கொண்டார்கள். நம் தொட்டி பிளாஸ்டிக்; உலோகமன்று. வாளியில் பிடித்துச் சிறிது ஆறவிட்டால் எவர் சொல்லுக்கும் மாறில்லை.

உம்மா முழுவதும் கேட்டார்கள். "அப்ப அடையாத்து மச்சான் வீட்டுத் தண்ணி? அது தாமிரக் குழாய்னு சொன்னியே?" என்றார்கள். நண்பரை உம்மா எப்போதும் நம் மச்சான் முறையில்தான் சொல்வார்கள். எண்பத்தொரு வயதில், வீங்கிய விரல்களோடு, நாம் மாணவர்களிடம் எதிர்பார்த்து ஏமாந்த கேள்வியைக் கேட்டார்கள். இமாம் நவவீயின் தேர்வைப் பின்பற்றினால் அதிலும் கேள்வியில்லை. பேணுதலாக இருக்க விரும்புபவர் தண்ணீர் கலந்து சூட்டைத் தணித்துக் கொள்ளட்டும் என்றோம். 'சரி' என்பது போல் தலையசைத்தார்கள். அந்தப் பாடத்தை இப்போது மத்ரஸாவில் நடத்தும்போது இந்தக் கேள்வியையும் சேர்த்தே நடத்துகிறோம்.

கருவி பொருத்திய மறுநாள் விடியலில் நாமும் நான்கு மணிக்கு எழுந்து வாசலோரம் நின்றோம். உம்மா வந்தார்கள். முக்காலியை இழுத்துப் போட்டார்கள். நாம் சொல்லியிருந்தும், பழக்கத்தின்படி குழாயடியில் வாளியை வைத்தார்கள். பிடியை முழங்கையால் தள்ளி, இரண்டு விரல்களை நீட்டினார்கள். வாளியில் ஒரு கையளவு நீர் விழுமுன்னே விரல்களை இழுத்துக் கொண்டு, மறுபடி நீட்டினார்கள். நம்மைத் திரும்பிப் பார்க்காமலே, "வந்துட்டுது" என்றார்கள். பிறகு காலால் வாளியை ஓரமாக ஒதுக்கினார்கள்.

அன்று முதல் மருதாணிச் செடிக்கு வீட்டார் தனியாகத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது.